வயிறு ஓய்ந்துபோன ஞாயிறு

கோவிந்தராஜனுக்கு ஹைதராபாத் உப்பலில் வேலை. காது மந்தமானவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவிகளைச் செய்யும் சின்னத் தொழிற்சாலை அது. கருவிகளைச் சோதிக்க அங்கே ஓர் அறை உண்டு. சுவர், கூரை எல்லாம் ஸ்பாஞ்சு பதித்து, கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் துளியும் வராது. முதன்முறை உள்ளே போகிறவர்கள் திடுக்கிட்டு வெளியே ஓடி வருவார்கள். அத்தனை நிசப்தத்தில் அவர்கள் வயிறே அவர்களுக்குக் கேட்கும். குடலுக்குள் தண்ணீர் சலசலப்பதும், காற்று உருண்டு அடிவயிற்றுக்கு இறங்குவதும் பக்கத்தில் யாரோ நடமாடுவது போலிருக்கும்.

பல வருடம் அந்த அறையில் வேலை பார்த்த கோவிந்தராஜனுக்குத் தன் வயிற்றின் மேல் தீராத சந்தேகம். சத்தம் வந்தால் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிடுவார். உடனே ஓமத்தண்ணீர், இல்லாவிட்டால் சோடா, மறுவேளை பட்டினி. யாரிடமும் கேட்க மாட்டார். வயிற்றுச் சமாசாரத்தை வாய்விட்டுப் பேசுவது அவருக்கு அருவருப்பு. டாக்டரிடம் கூட ‘லேசா அஜீரணம்’ என்பதற்கு மேல் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தொப்புளைச் சுற்றி வலி எடுத்தது. வரும், இறுக்கிப் பிழியும், விடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி வரும். வலி வரும்போதெல்லாம் வயிறு இரைந்தது. வழக்கமான களகளப்பு இல்லை. பித்தளைக் குடத்துக்குள் தண்ணீர் சொட்டுவது போல, கூர்மையாக, கிணுகிணுவென்று ஒரு சத்தம். சமையலறையிலிருந்த மனைவி தங்கத்துக்கே அது கேட்டது.

“ஏங்க, உங்க வயித்துலேர்ந்தா வருது இது?”

“கேஸ்தான். ஓமத்தண்ணி குடு.”

குடித்த ஓமத்தண்ணீர் அப்படியே வாந்தியாக வந்தது. அடுத்த வாந்தி பச்சையாக இருந்தது. வயிறு உப்பிக்கொண்டே போனது. காற்றும் பிரியவில்லை, மலமும் போகவில்லை.

“டாக்டர்கிட்ட போலாம் வாங்க.”

“நக்கோ, வேணாம். கேஸுக்கெல்லாம் யாரு ஆஸ்பத்திரிக்கு போவாங்க? சிரிப்பாங்க.”

மதியம் சத்தம் நின்றது. கோவிந்தராஜன் உன்னிப்பாகக் கேட்டுப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. அவர் முகத்தில் நிம்மதி.

“தங்கம், பார்த்தியா, அடங்கிடுச்சு. நான் சொல்லல?”

ஆனால் வலி அடங்கவில்லை. காலையில் விட்டு விட்டு வந்த வலி, இப்போது விடாமல் நின்று எரிந்தது. வெளியே போயிருந்த மகள் சாஹித்யா உள்ளே நுழைந்ததும் அப்பாவின் முகத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா! ஹிஸ் ஃபேஸ்! எவ்ளோ வேர்த்திருக்கு பாரு. சலோ, நான் கார் புக் பண்றேன். அப்பா, நோ ஆர்க்யூமெண்ட்.”

சைனிக்புரிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அன்று இருந்த அறுவை மருத்துவர் சுமலதா. சென்னையில் படித்தவர், தெலுங்கு வாடையோடு தமிழ் பேசினார். ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் ஒவ்வோர் இடமாக வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்:

“கடைசியா காத்து எப்போ போச்சு சார்?”

கோவிந்தராஜன் அதிர்ந்துபோனார். மகள் எதிரே நிற்கிறாள்! பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டார்.

“சார், எனக்குத் தெரியணும்.”

“நேத்து... சாயங்காலம்.” குரல் அவருக்கே கேட்கவில்லை. “ஆனா காலைல இருந்த சத்தமெல்லாம் நின்னுடுச்சு மேடம். குணமாயிட்டுதுன்னு நெனச்சேன்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

“சத்தம் இருக்கிற வயிறுதான் நல்ல வயிறு சார். பசிச்சா கத்தும், சாப்பிட்டா கத்தும், கேஸ் நகர்ந்தா கத்தும். எங்கயாவது அடைச்சுக்கிட்டா, தள்ளித் தள்ளிப் பார்த்து இன்னும் ஜோரா கத்தும். அப்புறம் முடியாம ஓஞ்சுபோகும். வீங்கின வயிறு சத்தமில்லாம இருந்தா எங்களுக்கு பயம்.” வலது அடிவயிற்றிலிருந்த பழைய தழும்பைத் தொட்டார். “இது அப்பெண்டிக்ஸா?”

“ஹவ், ஆமா. காலேஜ் படிக்கிறப்போ.”

ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் பழைய ஆபரேஷன் உள்ளே விட்டுப்போன தழும்பு ஒரு நாராக வளர்ந்து குடலை முடிச்சுப் போட்டிருந்தது. உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும் என்றார் சுமலதா. காலையில் ஓமத்தண்ணீர் கொடுத்த கையைத் தங்கம் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டர் மறைக்காமல் சொன்னார்: “கொஞ்சம் குடல் கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. நாரை வெட்டிவிட்டு, வெந்நீர்த் துணி போட்டுக் காத்திருந்தோம். மெல்ல சிவந்துடுச்சு. இன்னும் தாமதிச்சிருந்தா அந்தத் துண்டை எடுத்திருக்கணும். அதுக்கும் மேல தாமதிச்சிருந்தா...” சாஹித்யா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெறும் கேஸ் என்று நினைத்திருந்தார்களே!

அதன்பின் காத்திருப்பு. தொட்டுப் புரட்டிய குடல் மயக்கத்தில் கிடந்தது. அது விழித்துக் காற்று பிரியும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. நர்ஸ் வந்தால் அதே கேள்வி, தங்கம் எழுந்தால் அதே கேள்வி. தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் பாலா பார்க்க வந்தவன், உட்காருவதற்கு முன்பே கேட்டான்: “அண்ணே, காத்து போச்சா?” கோவிந்தராஜன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஊரே தன் பின்பக்கத்தைப் பற்றிப் பேசும் காலம் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

மூன்றாம் நாள் காலை, டாக்டர் சுமலதா அறைக்குள் நின்றிருக்கும்போதே அது நடந்தது. நீளமாக, உரக்க.

“அப்பா! அது நீயா?” என்றாள் சாஹித்யா.

“ஹவ்,” என்றார் கோவிந்தராஜன்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். “ஓடுது. தண்ணி குடுக்கலாம். ஆனா சார், இந்த மாதிரி நார் மறுபடியும் வரலாம். வலி, வீக்கம், வாந்தி, காத்து போகல — அப்படின்னா வீட்டு வைத்தியம் பண்ணாம நேரா இங்க வாங்க.”

தங்கம் அழுகையும் சிரிப்புமாக ஃபோனை எடுத்தாள். போவன்பள்ளியிலிருந்த நாத்தனாரிடம் ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: “அண்ணி, போயிடுச்சு! இப்பத்தான், நல்லா சத்தமா!”

கோவிந்தராஜன் கண்ணை மூடிக்கொண்டார். வெட்கம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. சாஹித்யா ஸ்பூனில் தண்ணீரை எடுத்து அவர் உதட்டருகே கொண்டுவந்தாள்.