விதைப்பு நாளில் கேட்ட நெருப்பு

எங்கள் கல்யாணத்தில் வளர்த்த நெருப்பை ஒரு மண்சட்டியில் வைத்துக்கொண்டு காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு நடந்தே ஏறியவள் நான். இப்போது வளைந்து வளைந்து ரோடு போட்டு பஸ் போகிறது என்கிறார்கள். அப்போது ஒற்றையடிப் பாதைதான். முன்னால் டிரங்குப் பெட்டி தூக்கும் ஆள், அவனுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு என் கணவர், கடைசியில் நானும் சட்டியும். உமியும் சாம்பலும் போட்டு மூடிய கனல் உள்ளே கதகதவென்று இருக்கும். "மெதுவா வாடி, சட்டி ஆடறது" என்று நூறு தடவை சொல்லியிருப்பார். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "அப்படின்னா நீங்களே தூக்குங்கோ" என்று பாதை நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். இத்தனை வயதாகியும் அது அங்கேயேதான் இருக்கிறது.

அவருக்குக் காட்டிலாகாவில் குமாஸ்தா வேலை. அரியூர் நாடு என்ற மலைப்பகுதியில், வயல்களைப் பார்த்த மாதிரி ஒரு புல்வேய்ந்த வீடு கொடுத்திருந்தார்கள். பெட்டியைக்கூடத் திறக்காமல் அவர் முதலில் சமையலறை மூலையில் மண் குழைத்து ஒரு சாண் சதுரத்துக்குக் குண்டம் கட்டினார். சட்டி நெருப்பை அதில் இறக்கினோம். காலையும் மாலையும் அதை ஊதி எழுப்பி, நெய் தொட்ட சமித்துக் குச்சி வைத்து, நனைத்த பச்சரிசியைக் கையால் இரண்டு தடவை போட வேண்டும். ஔபாசனம் என்பது இவ்வளவுதான். ஆனால் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, நெருப்பு அணையக் கூடாது. எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் போகிறோமோ, அவருக்குக் கொள்ளி வைப்பதும் அதே நெருப்பில்தான். ஆகக்கூடி ஆயுசு முழுக்க வரும் நெருப்பு.

"அந்தக் குளிர்ல, அந்த மழையில மூணு மாசம் தாங்குமா பார்க்கலாம்" என்று சொல்லித்தான் என் மாமனார் எங்களை வழியனுப்பினார். அந்தப் பேச்சு என் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. தாங்கவைத்துக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் சபதம் போட்டேன். பக்தி எனக்கு வந்தது பிறகுதான், முதலில் வந்தது வீம்பு.

பக்தி எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அவர் ஆபீஸ் வேலையாக மலையிறங்கிப் போகும் நாட்களில் ஹோமம் என் பொறுப்பு. அவர் இருந்தால் மந்திரம், ஆசமனம், அங்கே தொடாதே, இங்கே நிற்காதே என்று ஒரே அமர்க்களம். அவர் இல்லாத வேளையில் நானும் நெருப்பும் மட்டும். அரிசியைப் போட்டுவிட்டு அன்றைக்கு யாரோடு சண்டை போட்டேன், எது நியாயம், எது என் திமிர் என்று ஒன்று விடாமல் சொல்லுவேன். நெய் உருகி ஒரு வாசனை வரும். மனசு லேசாகிவிடும். அந்த மாதிரி சந்தோஷம் எனக்குக் கோயிலில்கூடக் கிடைத்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

நாங்கள் மலைக்கு வந்த அந்த வருஷமே மார்கழியில் ஒரு காலை. பனிமூட்டத்தில் எதிரே நிற்கிற பலாமரம் தெரியவில்லை. அவர் ஆபீஸ் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். மலைக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். தோளில் துணியைத் தூளி மாதிரி கட்டி, பிறந்து ஒரு மாதமே ஆன குழந்தையை அதில் போட்டிருந்தாள்.

"ஏனுங்கம்மா, ஊட்டுல அடுப்பு அவிஞ்சு போச்சுங்க. குச்சிப்பெட்டியும் நமுத்துப் போச்சுங்க. புள்ளைக்கு ராவெல்லாம் இழுப்பு. ஒரே ஒரு கங்கு குடுங்க" என்றாள்.

குண்டத்து நெருப்பு வெளியே போகக் கூடாது என்பது என் கணவரின் கண்டிப்பான உத்தரவு. என் சமையல் அடுப்பும் அந்த நெருப்பிலேயே ஏற்றுவதுதான், ஆகவே அதிலிருந்து கொடுத்தாலும் ஒன்றுதான். நான் வாயைத் திறந்து "இல்லை" என்று சொல்லத்தான் போனேன். துணிக்குள்ளிருந்து குழந்தை இருமியது. அந்த இருமலுக்கு மேல் எனக்குச் சாஸ்திரம் ஞாபகம் வரவில்லை. உடைந்த சட்டி ஓட்டில் இரண்டு கங்கை எடுத்துக் கீழே வைத்தேன். "யாரண்டையும் சொல்லிடாதே" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, ஓட்டை முந்தானையால் மறைத்துக்கொண்டு ஓடினாள்.

அவரிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அவர் ஹோமம் பண்ணும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் அரிசி கழுவுகிறேன் பேர்வழி என்று திரும்பி உட்கார்ந்தேன். இப்படியே நாலு மாதம் ஓடியது.

சித்திரையில் கூரையைப் பிரித்துப் புதுப் புல் வேய ஏற்பாடு செய்தோம். வேய வந்தவர் பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன்தான். கெட்டிக்காரர், வேலை சுத்தம். மூன்று பக்கம் முடித்துவிட்டுச் சமையலறை மூலைக்கு வந்தார். திறந்த கூரை வழியாக உள்ளே இறங்கி, என்னைப் பார்த்துச் சிரித்தபடியே, குண்டத்திலிருந்து ஒரு கங்கை விரலால் எடுத்துச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

ஐயோ, நான் போட்ட கூச்சல்! என்னென்ன வார்த்தை சொன்னேன் என்று எழுத இப்போது கூசுகிறது. கூச்சல் கேட்டு என் கணவரும் ஓடி வந்து நின்றார். அந்த மனிதர் சுருட்டைத் தரையில் தேய்த்து அணைத்தார். "நெருப்புத்தானுங்களே, அம்மணி" என்றார். அவ்வளவுதான். "இதே நெருப்பைத்தானே எங்க ஊட்டுக்கு நீங்க குடுத்தீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதி என்ன? என் கணவர் பக்கத்தில் நிற்பதை அவர் ஒரு தரம் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார், ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூலைக் கூரை பாதியில் நின்றது. என் கணவர் அதன் மேல் ஓர் ஓலைப்பாயைப் போட்டுக் கல் வைத்தார்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். வேலி வரைக்கும் போவேன், திரும்பி வந்துவிடுவேன். வீம்பு, வேறென்ன?

வைகாசியில் காட்டிலாகாவின் வெள்ளைக்காரத் துரை கீழே முகாம் போட்டிருப்பதாக ஆள் வந்தது. என் கணவர் கிளம்பினார். "நாலு நாள்ல வந்துடறேன். நெருப்பு பத்திரம்" என்றார். மூன்றாம் நாள் மத்தியானம் நான் சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். கோடைமழை பிடித்துக்கொண்டது. அது சொட்டுச் சொட்டாக ஆரம்பிக்கிற மழை இல்லை, எடுத்த எடுப்பில் கொட்டும். குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். ஓலைப்பாய் காற்றில் எங்கேயோ போய்விட்டது. மூலையில் கூரையிலிருந்து கயிறாகத் தண்ணீர் இறங்கி நேரே குண்டத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. சமையல் அடுப்பிலும் தண்ணீர் நின்றது. கையை விட்டுத் துழாவினேன். கரிச்சேறுதான் வந்தது.

நான் அழுதேன். சின்னக் குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதேன். மாமனார் வீட்டில் ஐந்து, மலையில் ஒன்று, ஆக ஆறு வருஷம். அக்கினியை வலம் வந்தபோது எனக்குப் பதிமூன்று வயது, புகையில் கண் எரிந்தது மட்டும்தான் ஞாபகம். அந்த நெருப்பு என் கையில், என் வாய்க்கொழுப்பால் பாதியில் நின்ற கூரையால் போய்விட்டது. வேறு நெருப்பு மூட்டலாம், பரிகாரமும் உண்டு. ஆனால் அது வேறு நெருப்பு. அவர் வந்து நின்று "எங்கேடி?" என்று கேட்டால் என்ன சொல்வேன்?

அழுது ஓய்ந்தபோதுதான் அந்தச் சட்டி ஓடு ஞாபகம் வந்தது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் கொடுத்த கங்கு. அவள் அடுப்பு அதற்குப் பிறகு எத்தனை தடவை அணைந்ததோ! அதோடு நான் வாயில் வந்ததைச் சொல்லி விரட்டிய வீடு. இருந்தாலும் வேறு வழியில்லை. புதிதாக ஓர் ஓட்டைத் தேடி எடுத்துக்கொண்டு, தூறலில் நனைந்தபடியே போய் அவர்கள் வாசலில் நின்றேன். அவள் ஐந்து மாதத்துக்கு முன் நின்ற மாதிரியே நின்றேன்.

அந்த மனிதர்தான் வெளியே வந்தார். கால் முழுக்கச் சேறு.

"நெருப்பு அணைஞ்சுபோயிடுத்து. ஒரு கங்கு வேணும்" என்றேன். 

அவர் முகத்தில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. "அம்மணி, இன்னைக்குத்தானுங்க சாமை வெதச்சோம். வெதப்பன்னைக்கு ஊட்டு நெருப்பு வாசப்படி தாண்டக் கூடாதுங்க. தாண்டுனா வெத சூடு அத்து மொளைக்காமப் போயிரும்ங்க. யாரு கேட்டாலும் குடுக்கறதில்லீங்க. நாளைக்கு வெடியால நானே கொண்டாந்து தாரேன்" என்றார்.

நாளைக்கு என்றால் அன்றைய சாயங்கால ஹோமம் தவறும். நான் வாதாடவில்லை. வாதாட எனக்கு என்ன யோக்கியதை? அவர்கள் வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டிய சாமை அது. "அன்னிக்குத் திட்டினதுக்கு மன்னிச்சுடுங்கோ" என்று மட்டும் சொன்னேன். வேலி வரைக்கும் போன என் வீம்பு அத்தோடு ஒழிந்தது. திரும்பினேன்.

"ஏனுங்கம்மா, நில்லுங்க" என்று உள்ளேயிருந்து அவள் குரல். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கொழுகொழுவென்று ஆகியிருந்தது. புருஷனைப் பார்த்து, "நம்மூட்டு நெருப்புத்தான தாண்டக் கூடாது? இது நம்முளுதா?" என்று கேட்டாள். பிறகு என்னிடம், "நீங்க குடுத்த கங்குங்க. அது வந்த அன்னைக்குத்தான் இவனுக்கு இழுப்பு நின்னுச்சு. அதுனால அவிய விடவே இல்லீங்க. காட்டுக்குப் போனாக்கூட பெரிய கட்டையாப் போட்டு மூடி வெச்சுட்டுத்தான் போவேன். வாங்குனதத் திருப்பிக் குடுத்தா அது குடுக்கறதுல சேருமா?" என்றாள்.

அந்த மனிதர் யோசித்தார். சேற்றுக் காலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "சேராதுங்க" என்றார்.

அவள் என் ஓட்டில் இரண்டு கங்கு போட்டாள். நான் கொடுத்ததும் இரண்டுதான். முந்தானையால் மூடிக்கொண்டு வந்தேன். அவள் புருஷன் என் பின்னாலேயே ஏணியோடு வந்து, தூறலிலேயே மூலைக் கூரையை வேய்ந்து முடித்தார். பற்றவைக்காத சுருட்டு ஒன்று வாயில் இருந்தது. குண்டத்தை வழித்து உலர்ந்த மண் பூசி, கங்கை வைத்து ஊதினேன். பிடித்துக்கொண்டது. வெளிச்சம் போவதற்குள் அரிசியைப் போட்டுவிட்டேன். அன்றைக்கு நெருப்பிடம் சொல்ல என்னிடம் ஒரு சண்டையும் இல்லை. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் வந்ததும் காலைக்கூட அலம்ப விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மார்கழிக் கங்கிலிருந்து ஒன்று விடாமல். அவர் குண்டத்தை எட்டிப் பார்த்தார்.

"அவா அடுப்புல என்னெல்லாம் வெந்திருக்கும், தெரியுமோடி?"

"தெரியும். காட்டுப்பன்னி."

"ம்... நான் ஆத்துல இருந்திருந்தா அன்னிக்குக் கங்கு குடுக்க விட்டிருக்க மாட்டேன்."

"விடாம இருந்திருந்தா இன்னிக்கு எதுல ஹோமம் பண்ணுவேளாம்?"

 அவர் குளித்துவிட்டு வந்து, பரிகாரத்துக்கு என்று நெய் விட்டு ஹோமம் பண்ணினார். வழக்கத்தைவிட நெய் தாராளம்தான். முடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, "அக்கினிக்கு எதுவும் ஒட்டாதுடி" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியாது. பக்கத்து வீட்டுச் சாமை அந்த வருஷம் நன்றாகவே முளைத்தது. நானும் அவளும் தினம் ஒரு தரமாவது வேலியோரம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

அடுத்த வைகாசி. ஆபீஸ் பியூன் ஒருவன் தபாலோடு மலையேறி வந்து வாசலில் நின்றான். பீடியைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு, "சாமி, கொஞ்சம் நெருப்பு" என்றான். போயும் போயும் பீடிக்கு! என் கணவர் எரிந்து விழப்போகிறார் என்று நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் எதிரே மலைச்சரிவைப் பார்த்தார். அங்கே அவளும் அவள் புருஷனும் விதைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை பலாமர நிழலில் உட்கார்ந்து மண்ணைத் தின்றுகொண்டிருந்தது.

"இன்னிக்கு விதைப்பு நாள்ப்பா. எங்க ஊர்ல நெருப்பு வெளிய குடுக்க மாட்டோம்" என்றார். "நாளைக்கு வா, தரேன்."