ரக்கிரக்கியில் ஒரு வாரம் விலைக்கு

திங்கள், காலை 11.40, நாடி. ஆக்லாந்திலிருந்து விமானம் மூன்று மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. நான் ஃபிஜிக்கு வந்ததற்குக் காரணம் ஆசை அல்ல, ஓசி. மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஆக்லாந்துக் கடைவீதியில் ஒரு பெண் சிரித்த முகமாகச் சீட்டு ஒன்றை நீட்டினாள். பேரும் தொலைபேசி எண்ணும் எழுதிப் போட்டேன். பத்து நாள் கழித்து அழைப்பு வந்தது: ரக்கிரக்கிக் கடற்கரை விடுதியில் மூன்று இரவுகள் இலவசம், விமானச் செலவு மட்டும் நம்முடையது. பதிலுக்கு அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். தென்காசியில் முப்பத்தாறு வருடம் பத்திரம் எழுதியவன் நான். பேச்சில் மயங்கிக் கையெழுத்துப் போடுகிற ஆளா என்று மார்தட்டிக்கொண்டு கிளம்பினேன். மனைவி பேரனை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டாள்.

இலவசத்துக்குக் காரணம் விமான நிலையத்திலேயே தெரிந்தது. போன டிசம்பரில் ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்திருந்தது. கிதார் வாசித்து வரவேற்ற நால்வரைவிட இறங்கிய பயணிகள் கொஞ்சம்தான் கூட. விடுதிகள் ஈயோட்டிக்கொண்டிருந்தன.

பகல் 1.00. நாடியிலிருந்து ரக்கிரக்கி ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். பேருந்துச் சீட்டு பதினோரு டாலர் சில்லறை. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் இழுத்துவிடத் தார்ப்பாய். பக்கத்து இருக்கைக்காரர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்துவிட்டு, “நீங்க தமிளா?” என்று கேட்டார். பேர் பெருமாள், ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஜன்னலோரம் அவர் மனைவி சரோஜா. இருவரும் ரக்கிரக்கிக்காரர்கள், இப்போது ஆக்லாந்துவாசிகள். வீட்டில் பேசுவது ஃபிஜி இந்தி. பெருமாளுக்குத் தமிழ் வந்ததெல்லாம் தீமிதிப் பூசையிலும் அவருடைய ஐயாவின் வசவிலும் இருந்துதானாம். சரோஜாவின் தாய் வீட்டில் தமிழே பேச்சு என்பதால் அவருக்குத் தடங்கலில்லை. அவர்களும் நான் போகும் அதே விடுதிக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள், அதே இலவசத்தில்.

லௌடோகா தாண்டிக் கிங்ஸ் ரோட்டில் ஏறியதும் இரண்டு பக்கமும் கரும்பு. பா ஊரை நெருங்கும்போது ராணுவச் சோதனை. துப்பாக்கியோடு ஏறிய பையன் பைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு ‘புலா’ என்று வணக்கம் சொல்லி இறங்கினான். தவுவா தாண்டினால் கரும்பு குறைந்து காடு மண்டிய நிலங்கள் வருகின்றன. நடுநடுவே சிமென்ட் தளம் மட்டும் கிடக்கும், மேலே வீடு இருக்காது. ஏன் என்று கேட்டேன். பெருமாள் விளக்கினார். நிலம் ஃபிஜியர்களின் குலத்துக்குச் சொந்தம். கரும்பு போட்டவர்களுக்கு முப்பது வருடக் குத்தகை, அதை அங்கே லீஸ் என்கிறார்கள். இரண்டாயிரமாம் ஆண்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த நேரத்தில்தான் அவருடைய லீஸும் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. தகரத்தையும் பலகையையும் பிரித்து விற்றுவிட்டுத் தளத்தை விட்டுப் போனவர்கள் அந்தச் சாலை நெடுக இருந்தார்கள்.

“எங்க பூமியிலதான் இப்ப அந்த விடுதி நிக்குது,” என்றார், பேருந்துக் கட்டணத்தைச் சொல்கிற குரலில்.

பிறகு எப்படி அங்கேயே போகிறீர்கள் என்று கேட்டேன். நிலத்துக்காரக் குலத்தின் பையன் ஜோசேவா இப்போது அந்த விடுதியில் விற்பனை ஆள். சின்ன வயதில் இவர் வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவன். அவனே ஆக்லாந்துக்குப் போன் போட்டு, அங்கிள் வந்து பாருங்கள் என்று அழைத்தானாம். சரோஜா எங்கள் பக்கம் திரும்பவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

செவ்வாய், காலை 10.00. கூடத்தில் அன்னாசித் துண்டுகளும் குளிர்ந்த ஜூஸும். நான் ஒண்டியாக வந்தேன் என்றதும் விற்பனைக்காரர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. ஜோடிகளிடம்தான் வியாபாரம் நடக்கும்போல. சரக்கு இதுதான்: வருடத்துக்கு ஒரு வாரம், முப்பது வருடத்துக்கு, அந்த விடுதியில் தங்கும் உரிமை. டைம்ஷேர் என்று பெயர். விலை பன்னிரண்டாயிரம் ஃபிஜி டாலர். இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி, நாளைக்குக் கிடையாது. இந்த “நாளைக்குக் கிடையாது” என்ற சொல்லைக் கேட்டாலே என் காது விறைத்துக்கொள்ளும். யோசிக்க நேரம் தராதவன் எதையோ மறைக்கிறான். ஒன்றரை மணி நேரமும் முடிந்ததும் கும்பிடு போட்டு எழுந்துவிட்டேன்.

பெருமாளையும் சரோஜாவையும் ஜோசேவா தனியே அழைத்துப் போனான். ஆறடி உயரம், மென்மையான பேச்சு, சரளமான இந்தி. பதினாலாம் எண் குடிலைத் திறந்து காட்டினான். பெருமாளின் சமையலறை இருந்த இடமாம் அது. ஒவ்வொரு வருடமும் இந்தக் குடிலே உங்களுக்கு, அங்கிள், என்றான். பிறகு பாயை விரித்து, மரத்தொட்டியில் யங்கோனா கரைத்தான். வேரை இடித்துத் தண்ணீரில் பிழிந்து எடுக்கும் மண் நிறப் பானம். ஃபிஜியர்கள் எந்த முக்கியப் பேச்சையும் அதை நடுவில் வைத்துத்தான் முடிப்பார்கள். கரும்புக்கார இந்தியர்களும் அப்படியே பழகிவிட்டவர்கள். பெருமாள் ஒரு முறை கை தட்டி, சிரட்டையை ஒரே மடக்கில் குடித்து, மூன்று முறை கை தட்டினார். பிறகு பேனாவை வாங்கினார். சரோஜாவும் கையெழுத்துப் போட்டார், பணமும் கட்டியாயிற்று.

நான் அந்தக் குடிலின் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அடுத்தவர் காரியம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்காக இப்போதும் என் மேல் எனக்குக் கோபம் உண்டு.

புதன், மாலை 5.00. கடற்கரை நாற்காலியில் இருந்தேன். சரோஜா ஒப்பந்தக் காகிதங்கள் இருந்த கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நான் பத்திரம் எழுதுபவன் என்று பேருந்தில் பீற்றிக்கொண்டது அவருக்கு நினைவிருந்தது.

“அண்ணா, இது நாங்க ஆக்லாந்துல வீடு வாங்கச் சேத்த பணம். அவ்ளோதான் இருக்கு. என்ன எளுதியிருக்குன்னு சொல்லுங்க.”

பதினாறு பக்கம், பொடி எழுத்து. விரலை வைத்து வரி வரியாகப் படித்தேன். பதினாலாம் எண் எங்கேயும் இல்லை. “அதே தரமுள்ள ஏதேனும் ஓர் அறை, காலியிருக்கும் ஏதேனும் ஒரு வாரம்” என்றுதான் இருந்தது. இடமில்லாவிட்டால் வேறு தீவிலுள்ள விடுதிக்கும் அனுப்பலாம். பராமரிப்புக் கட்டணம் வருடா வருடம் கம்பெனி வைத்ததே சட்டம். போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். வாயால் சொன்ன எந்த உறுதியும் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று தனியாக ஒரு பத்தி. நிலத்தில் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று இன்னொன்று. லீஸ் காகிதத்திலேயே வாழ்ந்த மனிதர் பெருமாள். முப்பது வருடம் என்ற சொல்லைப் பார்த்ததும் இதையும் நிலக் குத்தகை என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்பதாம் பக்கத்தில் உயிர் வந்தது. கையெழுத்திட்ட நாளையும் சேர்த்து மூன்று வேலை நாளுக்குள், கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு முன், எழுத்து மூலம் ரத்து செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பணம் முழுதும் திரும்பும். அதாவது நாளை வியாழன் மாலை நான்கு மணி வரை. கூடத்தில் இதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

பெருமாளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு முடியாது என்று தலையை ஆட்டினார்.

“கையெளுத்தை அடிச்சிரலாம் அண்ணே. யங்கோனா குடிச்சிட்டேனே, அதை எப்படி அடிக்கிறது?”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு சிரட்டை சகதித் தண்ணீருக்காகக் குடும்பத்தின் பணத்தை விடுவீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை, அந்தச் சகதித் தண்ணீரை நடுவில் வைத்துத்தான் தன் ஐயா முதல் லீஸை வாங்கினார் என்று மட்டும் சொன்னார். சரோஜாதான் பேசினார், சத்தம் உயர்த்தாமல்.

“ஏளு வருசமா ஆசுபத்திரியில தரை தொடைக்கிறேன். அவன் உங்களுக்கு பூமியைத் திருப்பித் தரலே. ஏளு நாள் விருந்தாளியா வந்து போன்னு சொல்றான்.”

இருட்டியதும் பெருமாள் எழுந்து, கடிதம் எழுதுங்கள், ஆனால் காலையில் முதலில் சந்தைக்குப் போக வேண்டும் என்றார். நான் என் அறைக்குப் போய் ரத்துக் கடிதத்தை ஆங்கிலத்தில் இரண்டு பிரதி எழுதினேன். இருவரும் கையெழுத்திட்டார்கள்.

வியாழன், காலை 8.15, வைலேக்கா. ரக்கிரக்கியின் கடைத்தெருவுக்கு அதுதான் பேர். சந்தையில் பெருமாள் காய்ந்த யங்கோனா வேரில் ஒரு கட்டு வாங்கினார், செய்தித்தாளில் சுற்றி. வாக்கை ஏற்க ஒரு கட்டு என்றால் வாக்கைத் திருப்பிக் கேட்கவும் ஒரு கட்டு வைக்க வேண்டுமாம். ஜோசேவாவின் கிராமத்துக்கு வாடகைக் காரில் பத்து நிமிடம். அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கட்டைப் பார்த்ததும் காலணியைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தான்.

பெருமாள் ஃபிஜிய மொழியில் பேசினார். சரோஜா எனக்கு மெல்லச் சொன்னார்: உன் மேல் வருத்தமில்லை, கொடுத்த சொல்லை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன் என்கிறாராம். ஜோசேவா குனிந்த தலை நிமிராமல் கேட்டான். கட்டைத் தொட்டு எடுத்துக்கொண்டு கை தட்டினான். பதினாலாம் எண் உங்களுக்கே கிடைக்கும் என்று மேலதிகாரிகள் சொன்னதைத் தானும் நம்பியதாகச் சொன்னான். அவனைத் திருடன் என்றே நினைத்திருந்தேன். அந்த முகத்தில் திருட்டு இல்லை.

நான் பெருமையாகக் கடிதத்தை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. நமக்குள் முடிந்துவிட்டது அங்கிள், ஆனால் கம்பெனி யங்கோனா குடிக்காது என்று பெருமாளிடம் சொல்லிவிட்டு, என்னைப் பதினோராம் பக்கத்தைத் திருப்பச் சொன்னான். ரத்துக் கடிதம் நாடியிலுள்ள கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கு நேரில் வந்து சேர வேண்டும். விடுதியிலோ விற்பனை ஆளிடமோ கொடுத்தது செல்லாது. முப்பத்தாறு வருடப் பத்திர எழுத்தன், ஒன்பதாம் பக்கத்தில் குதித்த குதியில் பதினோராம் பக்கத்தை மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறேன். முகம் எரிந்தது. இதை நான் சொன்னதாக அங்கே சொல்லாதீர்கள், வேலை போய்விடும் என்று கேட்டுக்கொண்டு, ஜோசேவா தன் சித்தப்பா மகனின் கேரியரை வரவழைத்தான். பின்பக்கம் பலகை போட்ட சின்ன லாரி அது.

பிற்பகல் 1.20. அந்தச் சித்தப்பா மகன் ஒரு சாமான் நடையை முடித்துவிட்டு வந்து எங்களை ஏற்றவே பதினொன்றரை ஆகிவிட்டது. பா ஊருக்கு முன்னால் சோதனைச் சாவடியில் அசையாத வரிசை. யாரையோ தேடுகிறார்களாம். சிப்பாய்கள் ஒவ்வொரு வண்டியாக மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். ஐம்பது நிமிடம் போயிற்று. சரோஜா ஒப்பந்தக் காகிதங்களை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பெருமாள் இரண்டு முறை இறங்கி வரிசையின் முனை வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

மாலை 3.35, நாடி. ஒரு வங்கிக்கு மேலே இரண்டாம் மாடியில் கம்பெனி அலுவலகம். மேசையிலிருந்த பெண், மேனேஜர் வெளியே போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்று இனிமையாகச் சொன்னாள். இந்த இனிமை நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்காது. ஆனால் “திங்கட்கிழமை வா” மட்டும் உலகம் முழுக்க ஒன்றுதான். மேனேஜர் வேண்டாம், பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் நேரமும் போதும் என்றேன். அவள் தயங்கினாள். ஒன்பதாம் பக்கத்தையும் பதினோராம் பக்கத்தையும் விரித்து வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். 3.52க்கு முத்திரை விழுந்தது. இதைப் படிக்கிற யாராவது இப்படி மாட்டிக்கொண்டால், கடிதத்தைவிட அந்த முத்திரைப் பிரதிதான் முக்கியம் என்பதை மறக்க வேண்டாம்.

அவள் ஒரு படிவத்தை எடுத்து, ரத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டாள். சொல்ல வேண்டியதில்லை, காலியாக விடுங்கள் என்று நான் குறுக்கிட்டேன். பெருமாள் என் தோளைத் தொட்டு விலக்கினார். லீஸ் முடிந்தது என்று எழுதம்மா என்றார் ஆங்கிலத்தில். அவள் புரியாமல் விழித்து, அப்படியே எழுதிக்கொண்டாள்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தோம். என்ன காரணம் அது என்று கேட்டேன்.

“அன்னிக்கு உன் காயிதம் முடிஞ்சிருச்சு, கெளம்புன்னு அவுங்க சொன்னாங்க அண்ணே. இன்னிக்கு நான் சொல்லிட்டேன்.”

சரோஜா முத்திரை விழுந்த தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். மூன்று நாளாக அழாதவர், நாடிக் கடைத்தெருவில் எல்லாரும் பார்க்க நின்று அழுதார்.