மலாயாவிலிருந்து திரும்பி வந்த பாவாயக்கா

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நூலுக்காக நின்றிருந்தேன். எங்கள் ஜலகண்டாபுரத்து நெசவாளர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "பாவாயக்கா போயிட்டாங்க. காலையிலேயே எடுத்துட்டாங்க" என்றார். நூல் வாங்காமலே பஸ் ஏறினேன். ஊர் வந்து சேர்ந்தபோது அக்கா வீட்டுப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவரை அறிந்த உங்களோடு சேர்ந்து நினைத்துக்கொள்ளவாவது இதை எழுதுகிறேன்.

ரப்பர் விலை விழுந்த காலத்தில்தான் அவரை முதலில் கண்டேன். மலாயாவுக்குப் போகும் கைலிகளை நெய்வித்து, சென்னை வியாபாரி ஒருவருக்கு அனுப்புவது அப்போது என் தொழில். "இனி அனுப்ப வேண்டாம்" என்று ஒருநாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. எட்டுத் தறிகளும் நின்றுபோயின. சரக்கில் குறையா, யாராவது கோள் மூட்டினார்களா என்று குழம்பிக் கிடந்தேன். ஒரு முற்பகலில், மெலிந்த உடம்பும் நிமிர்ந்த தலையுமாக ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். பக்கத்துக் குக்கிராமத்தில் பிறந்தவர்; மலாயா ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் மரத்தில் பால் வெட்டியவர்; புருஷனை அங்கே காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். தோட்டத்தில் ஆள் குறைத்தபோது தம்பியோடு கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"ஏனுங்க, தறிச் சத்தமே காணோம்?" என்றார்.

"மலாயாவுல கைலி வாங்க ஆளில்லையாம்."

"அந்த ஆளுங்க நாங்கதானுங்க. சீமையில மோட்டார் வண்டி வாங்கறவங்க கொறஞ்சுட்டாங்களாம். டயருக்கு ரப்பர் வேண்டாமாம். தோட்டத்துல பணம் போட்ட கம்பெனிக்காரங்க பயந்துபோயி எங்களைக் கப்பலேத்திட்டாங்க. அப்பறம் உங்க கைலிய யாருங்க கட்டுவாங்க?"

அதுவரை என் கைலியைக் கட்டுகிறவர்களின் முகத்தை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. என் தறி நின்றதும் அவர் வேலை போனதும் ஒரே காரணத்தால் என்று அவர்தான் எனக்குப் புரியவைத்தார்.

வேலை கேட்டு வந்தவர், போகும்போது எனக்கு வேலை சொல்லிவிட்டுப் போனார். மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. "கப்பல்ல வந்தவங்க பாதிப்பேரு அங்கதான் கல்லுச் சுமக்கறாங்க. அவங்க கட்டற சேலைய நெய்யுங்க" என்றார். மில் துணி மலிவாயிற்றே என்றேன். "சுமக்கற தோள்ல அது தாங்காதுங்க" என்றார்.

முரட்டு நூலில் நெய்த முதல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டூர் போனார். பாதிச் சேலைகள் திரும்பி வந்தன. "அகலம் பத்தலீங்க. குனிஞ்சு கல்லெடுத்தா முழங்கால் தெரியுதுன்னு பொண்ணுங்க வேண்டாங்கறாங்க" என்று ஒளிக்காமல் சொன்னார். அகலத்தைக் கூட்டினோம். ஆடிப் பதினெட்டுக்குள் ஆறு தறிகள் ஓடின.

அவரிடம் குறையே இல்லை என்று சொன்னால், படிக்கிற நீங்களே சிரிப்பீர்கள். பிடிவாதக்காரர். ரப்பர் விலை மறுபடி ஏறியதும், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவன் பட்டுச்சட்டையோடு சந்தைக்கு வந்தான். பாவாயக்கா அவன் எதிரே நின்று, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், விலை விழுந்தால் யார் சோறு போடுவார்கள் என்று கேட்டுக் கூட்டத்தைக் கலைத்துவிட்டார். போகவிருந்த எங்கள் ஊர் அத்தாயியும் அவள் புருஷனும் ஊரிலேயே தங்கினார்கள். அந்த வருஷம் மழை பொய்த்தது. அத்தாயி கிழங்கு தேடிக் குன்றும் கரடுமாக அலைந்தாள்.

ஒருநாள் அவள் நடுத்தெருவில் பாவாயக்காவை மறித்தாள். "நீங்க போயிப் பொழச்சீங்க. எங்களைப் போகாதீங்கன்னு சொல்ல நீங்க யாருங்க?"

அக்காவின் நாக்கைத் தெரிந்த நாங்கள் என்ன வருமோ என்று காத்திருந்தோம். அவரோ, "தப்புத்தான் சாமி. போறதா இருந்தா தெரிஞ்சுக்கிட்டுப் போ. வா, சொல்றேன்" என்று அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போனார். அதன் பிறகு அவர் யாரையும் தடுக்கவில்லை. காய்ச்சலுக்குப் போடும் கொயினா மாத்திரையிலிருந்து தோட்டத் துரையிடம் முறையிடும் விதம் வரை எல்லாவற்றையும் சொல்லியே அனுப்பினார். அத்தாயி குடும்பத்தைச் சேலம் ஜங்ஷன் வரை கொண்டுபோய் விட்டார். அதே வண்டியில் அவருடைய தம்பியும் ஏறினான்.

கைலிக்கும் மறுபடி கடிதங்கள் வந்தன. எட்டுத் தறியையும் அதற்கே திருப்பப் போனேன். "எல்லாத்தையும் கப்பல நம்பி வுடாதீங்க" என்றார் அக்கா. பாதியை மட்டும் திருப்பினேன். யுத்தம் வந்து கடல் அடைபட்டபோது, உள்ளூர்ச் சேலை நெய்த தறிகளால்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் கடிதங்கள் நின்றன. அத்தாயியின் தாய் வந்து, "எம் மவ உசுரோட இருக்காளா பாவாயி?" என்று அழுதார். மற்றவர்கள் சோசியம் சொன்னார்கள். பாவாயக்கா, "தெரியலீங்க ஆத்தா. எந் தம்பியப் பத்தியுந் தெரியல" என்று சொல்லிவிட்டு, பொழுது சாயும்வரை அந்த அம்மாளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

யுத்தம் முடிந்து முதல் கடிதம் அத்தாயியிடமிருந்து பாவாயக்கா பேருக்கு வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். அத்தாயியும் புருஷனும் பிழைத்திருந்தார்கள். அக்காவின் தம்பியை ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப்போனார்கள் என்றும், கூடப் போன ஒருவர் அவனைத் தம் கையாலேயே புதைத்தார் என்றும் அடுத்த வரிகளில் இருந்தது. அதையும் படித்தேன். பாவாயக்கா கண்ணை மூடித் திறந்தார். கடிதத்தை வாங்கி மடித்தார்.

"உக்காருங்க அக்கா" என்றேன்.

"மவ இருக்காள்னு அந்த ஆத்தாகிட்டச் சொல்லிட்டு வாரேன். அப்பறம் அழுவறேன்."

வெயிலில், செருப்பில்லாமல், அந்தத் தெருவில் அவர் வேகமாக நடந்து போனார். எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நடையைத்தான்.