மருந்து ஊற்றாத வரிசை

கத்தரியைத் தாக்கும் பாக்டீரியா வாடல் நோய்க்கு எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று பார்ப்பதுதான் அப்போது என் ஆய்வு. ஆய்வகத்தில் குறையே இல்லை. தட்டில் கிருமியை வளர்த்து, மருந்தில் நனைத்த காகித வில்லையை வைத்தால், அதைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாகத் தெளிந்துவிடும். அந்த வட்டத்தை நம்பித்தான் செந்துறைக்குப் பஸ் ஏறினேன்.

தோட்டம் ஒரு அக்காவுடையது. கணவர் போன வருடம் இறந்துவிட்டார், அக்கா தனியாகத்தான் பாடுபட்டார். வாடிய செடி ஒன்றின் தண்டை அறுத்து, டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டுக் காட்டினேன். வெட்டுவாயிலிருந்து பால்போல ஓர் இழை மெல்ல இறங்கியது, அத்தனையும் கிருமி.

"இம்புட்டும் உள்ளயே இருந்துருக்கு. வெளிய ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார்.

சில வரிசைகளுக்கு வேரில் மருந்து ஊற்றினேன். ஒரு வரிசைக்கு வெறும் தண்ணீர்.

"இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒப்பிட்டுப் பாக்கணும்க்கா. அப்பத்தான் மருந்து வேல செய்யுதான்னு தெரியும்."

"அப்ப இது சாவுறதுக்குன்னே வச்சது."



அந்த வரிசைதான் முதலில் விழுந்தது. இலை பழுக்கவில்லை, பச்சையாகவே தலை தொங்கியது. மருந்து ஊற்றியவை நின்றன. அக்கா சிரித்தார், நானும்தான். கோடை மழை ஒன்று பெய்தது. அடுத்த முறை போனபோது அவையும் துவண்டு கிடந்தன. மண்ணுக்குள் இருந்த கிருமியிடம் என் மருந்து எடுபடவில்லை.

அவர் செடிகளைப் பிடுங்கிக் குவித்தார். நானும் சேர்ந்து பிடுங்கினேன். குனிந்தபடியே கேட்டார்:

"எங்க வூட்டுக்காரருக்கும் காய்ச்சல்னு ஊசி மேல ஊசியா போட்டாங்கம்மா. எதுவும் கேக்கல. அவரு ரத்தத்தயும் இப்படித் தட்டுல வச்சுப் பாத்துருந்தா, எந்த மருந்து கேக்கும்னு தெரிஞ்சிருக்குமா?"

மருத்துவமனைகளில் அப்படிப் பார்ப்பதுண்டு என்பது எனக்குத் தெரியும். அவருக்குப் பார்த்தார்களா என்பது தெரியாது. தட்டில் வட்டம் காட்டிய மருந்து தோட்டத்தில் என்ன ஆனது என்பதோ, பிடுங்கிய செடியாக எங்கள் கையிலேயே இருந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு அடுத்த செடியைப் பிடித்தார்.

இப்போது அங்கே மக்காச்சோளம் நிற்கிறது. ஜெயங்கொண்டம் பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம், தெரிந்திருக்கும் என்றே சொல்லியிருக்கலாமோ என்று தோன்றும். அதைக் கேட்டிருந்தால் அதன் பிறகு அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்றும் தோன்றும்.