குப்பைவாளிக்குத் தப்பிய துண்டுகள்

கடதாசி சேர்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. கடைக்காரர் தரும் பற்றுச்சீட்டு, பஸ் ரிக்கெற், கலியாண அழைப்பிதழ் எல்லாம் என் கைக்கு வந்த அன்றே குப்பைவாளிக்குப் போய்விடும். "உங்களை விட்டால் என்னையும் சுருட்டி எறிஞ்சுபோடுவியள்" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். அப்படிப்பட்ட நான், ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் கிடந்த கிழிந்த பேஸ்போல் ரிக்கெற்றுகளின் தயவால்தான் சிட்னியின் பென்டில் ஹில்லில் ஒரு குடும்பஸ்தனாக இருக்கிறேன். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எண்பத்தேழில் சிட்னிக்கு வந்தேன். மெரிலேண்ட்ஸில் ஒரு பெயின்ற் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. ஏழு வருடம் கழித்துக் கொழும்புக்குப் போய், மூன்று கிழமை நின்று, கலியாணம் கட்டிக்கொண்டு திரும்பினேன். அவளும் என்னைப்போல மன்னார்தான். இரண்டு வீட்டாரும் பேசி முடித்தது. பிறகு விசா கிடைத்து அவள் இங்கே வந்து இறங்கியபோது, நாங்கள் இருவரும் அதுவரை கதைத்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு மணித்தியாலம்கூட வராது.

அந்த விசா இரண்டு வருடத்துக்குத்தான். அது முடியும்போது, நாங்கள் உண்மையாகவே புருசன் பெண்சாதியாகத்தான் வாழ்கிறோம் என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அவள் திரும்பிப் போக வேண்டும். எங்கே போவது? ஊரில் சண்டை. ரொறன்ரோவில் அவளுடைய அக்கா இருந்தா. கிழமைக்கு ஒரு தரம் அக்காவின் போன் வரும். இவள் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு கதைப்பாள். வெளியே வந்தால், "அக்கா சுகமோ?" என்று நான் கேட்பேன். "ஓம்" என்பாள். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அந்த "ஓம்"தான் பெரிய கதை. நான் கதைக்கத் தெரியாதவன், அவள் கதைக்காதவள். பேசிச் செய்துவைத்தவர்களைச் சும்மா சொல்லக் கூடாது, நல்ல பொருத்தமாகத்தான் பார்த்திருந்தார்கள்.

அவள் வந்த முதல் கோடையில் எங்கள் சூப்பர்வைசர் இரண்டு பேஸ்போல் ரிக்கெற்றுகளை என் கையில் திணித்தார். அந்தாளுக்கு பேஸ்போல் என்றால் உயிர். கிரிக்கெற் என்றால் நான் விழுந்தடித்துக்கொண்டு ஓடியிருப்பேன். இது என்ன விளையாட்டென்றே எனக்குத் தெரியாது. மேலாளின் மனம் கோணக்கூடாதே என்று, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பூசைக்குக் கட்டிய நீலச் சேலையோடு வந்தாள். வாசலில் நின்றவன் ரிக்கெற்றைக் கிழித்துப் பாதியைத் திருப்பித் தந்தான். என் பாதியை நான் உள்ளே போன உடனேயே எறிந்துவிட்டேன்.

அரை மணித்தியாலம் இருவரும் கோயில் வாங்கில் இருப்பதுபோல இருந்தோம். ஒருவன் பந்தை ஓங்கி அடித்துவிட்டு ஓடத் தொடங்கினான். பந்து எதிராளியின் கைக்கு வந்தது. திடீரென்று என் பக்கத்தில் ஒரு சத்தம்.

"எறி! ஆளுக்கு எறியடா! முதுகில எறி!"

என் மனைவிதான். எழும்பி நின்றுகொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கத்துகிறாள். முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்கு நிலம் வெடித்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"இஞ்சாருங்கோ" என்றாள் என் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க. "இது எங்கட எல்லேதானே!"

எல்லே எங்கள் பள்ளிக்கூடங்களில் விளையாடுவது. தடியால் பந்தை அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓட வேண்டும். ஓடுகிற ஆளுக்குப் பந்தால் எறிந்து பட்டால் ஆட்டமிழப்பு. அவள் கொன்வென்ற் எல்லே அணியின் தலைவியாம். கலியாணப் பேச்சில் சமையல், தையல், ஜெபம் என்று எல்லாம் சொன்னவர்கள் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கெதியாகச் சம்மதித்திருப்பேன்.

அன்றைக்கு வரும்போது ரெயினில் அவள் பென்டில் ஹில் வரைக்கும் கதைத்துக்கொண்டே வந்தாள். யார் யாருக்கு எறிந்தாள், எந்தச் சிஸ்டர் எந்தத் தடியை ஒளித்து வைத்தா, எல்லாம். இங்கே ஆளுக்கு எறியக் கூடாது என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வந்து சொன்னபோது, "பிறகென்ன விளையாட்டு அது?" என்று இரண்டு நாள் மனவருத்தப்பட்டாள். ஆனால் அடுத்த ஞாயிறு எப்போது என்று கேட்டதும் அவள்தான்.

இப்படி இரண்டு கோடை போனோம். ஒவ்வொரு தரமும் தன்னுடைய பாதி ரிக்கெற்றை அவள் கைப்பைக்குள் வைப்பாள். வீட்டுக்கு வந்ததும் குசினி அலுமாரிக்கு மேல் இருந்த பிஸ்கட் ரின்னுக்குள் போடுவாள். அதற்கு அவள் வைத்த பெயர் துண்டு. நான் என்னுடையதைக் கண்ட வாளியில் போடுவேன். வாளி இல்லையென்றால் கதிரைக்குக் கீழே.

"உதென்ன, குட்டி போடுமெண்டு பாத்துக்கொண்டிருக்கிறீரோ?" என்று பகிடி பண்ணுவேன். அவள் ரின் மூடியை அமத்தி மூடுவாள்.

இரண்டாவது வருடம் முடியும் தறுவாயில் கடிதம் வந்தது. பரமட்டாவில் நேர்முகம். இரண்டு பேரும் வர வேண்டும், சேர்ந்து வாழ்வதற்கான அத்தாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். தெரிந்தவர்கள் எல்லாம் கடற்கரையில் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் படங்களைக் கொண்டுபோனார்களாம். எங்களிடம் இருந்தவை கலியாணப் படங்கள்தான். அவற்றிலும் நான் வேலிக்கட்டை மாதிரி நிற்கிறேன். அதனால் கடதாசியைக் கண்டால் ஆகாத நானே, வீட்டு வாடகைத் துண்டு, லைற் பில், வங்கித் துண்டு, டொக்டரின் மருந்துத் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் பொறுக்கி ஒரு மண்ணிறக் கோவையில் போட்டு மேசையில் வைத்தேன்.

நேர்முகத்தன்று எனக்கு அரை நாள் வேலை. வேலையிடத்திலிருந்து அவளுக்குப் போன் எடுத்தேன். "அந்தத் துண்டு எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு பரமட்டா ஸ்ரேசனுக்கு வாரும். நான் அங்க நிக்கிறன்."

மத்தியானம் ரெயினால் இறங்கி வந்தாள், அதே நீலச் சேலை. கையில் பிஸ்கட் ரின்.

"கோவை எங்க?"

"எந்தக் கோவை? துண்டு எண்டுதானே சொன்னனீங்கள்."

"உமக்கு மூளை இருக்கே? விளையாட்டு ரிக்கெற்றைக் கொண்டுபோய் என்னத்தைக் காட்டுறது?"

ஸ்ரேசன் வாசல் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். திரும்பிப் போய் எடுத்து வர நேரமில்லை. அவள் ரின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். கத்தியது அவள் மேலுள்ள கோபத்தில் அல்ல, என் பயத்தில் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி எப்போதும் பிந்தித்தான் வரும்.

முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். கொண்டுவந்த அத்தாட்சிகளைக் கடைசியில்தான் பார்ப்பார்களாம். அவளுக்கு ஆங்கிலம் மட்டு என்பதால் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர். நான் வெளியே கதிரையில் இருந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தேன். முக்கால் மணித்தியாலம். பிறகு அவளை வெளியே இருத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி என் வயதுக்கார வெள்ளைக்காரப் பெண். கட்டிலில் யார் எந்தப் பக்கம், காலையில் யார் முதலில் எழும்புவது என்றெல்லாம் கேட்டாள். சொன்னேன். பிறகு தன் குறிப்பைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"உங்கள் மனைவி ஏன் உங்கள் துவாய்களைச் சேர்த்து வைக்கிறா?"

"துவாயா? குளித்துவிட்டுத் துடைக்க எங்களிடம் நாலு துவாய்தான் இருக்கு. சேர்த்து வைப்பதில்லை."

"விளையாட்டுப் பார்க்கப் போனால் நீங்கள் துவாயை நிலத்தில் எறிவீர்களாம். நீங்கள் பார்க்காத நேரம் தான் எடுத்து வைப்பதாகச் சொன்னா."

"நாங்கள் விளையாட்டுக்குத் துவாய் கொண்டு போவதே இல்லை" என்றேன்.

அவள் பேனை ஓடியது. முகம் இறுகியது. இரண்டு பேரும் இரண்டு கதை சொல்கிறார்கள் என்றுதான் எழுதியிருப்பாள். முடிந்தது என்று நினைத்தேன். ரொறன்ரோ விமானத்தில் அந்த நீலச் சேலை ஏறிப்போவதுகூடக் கண்ணுக்குள் வந்துவிட்டது.

"ஒரு தகர ரின்னுக்குள் வைப்பாவாம்" என்றாள் அதிகாரி, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

ரின் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. தொலைபேசியில் மொழிபெயர்த்த அம்மா தமிழ்நாட்டுக்காரியாக இருக்க வேண்டும். அவருடைய ஊரில் துண்டு என்றால் தோளில் போடுகிற துவாய். எங்களுக்கோ கையளவு கடதாசியெல்லாம் துண்டு. தமிழும் தமிழும் சேர்ந்து என் குடும்பத்தைப் பிரிக்கப் பார்த்ததை அதிகாரிக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும். கடைசியில், "அந்த ரின் உங்கள் மனைவியின் மடியில்தானே இருக்கு?" என்று கேட்டு, அவளையும் உள்ளே கூப்பிட்டாள்.

மனைவி ரின்னைத் திறந்து மேசையில் கொட்டினாள்.

எல்லாம் சோடி சோடியாக இருந்தன. இரண்டு இரண்டு பாதிகள், பக்கத்துப் பக்கத்து இருக்கை இலக்கங்கள், குண்டூசியால் குத்தியிருந்தது. ஒரு பாதி சுத்தமாக இருந்தது. மற்றதில் சப்பாத்து அடையாளம். ஒன்றில் தக்காளி சோஸ். ஒன்று கசங்கி, பிறகு ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்து நிமிர்த்தியிருந்தது.

"உங்களுடையது எது?" என்றாள் அதிகாரி.

"ஊத்தையானது."

"இவ எடுத்து வைத்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக நான் எறிந்ததையெல்லாம் ஒருத்தி எனக்குப் பின்னால் குனிந்து பொறுக்கியிருக்கிறாள். நான் ஸ்ரேசனில் அவளைப் பார்த்து மூளை இருக்கா என்று கேட்டவன்.

அதிகாரி ஒன்றைப் புரட்டினாள். பின்பக்கத்தில் பென்சிலால் தமிழ் எழுத்து. வாசிக்கச் சொன்னாள். நான் ஒவ்வொன்றாக வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எல்லே மாதிரி. கத்திப்போட்டன். அவர் ஏசேல்லை."

"மழை. தன்ர ஜக்கெற்றைத் தந்தவர். தான் நனைஞ்சவர்."

"இண்டைக்கு ஒரு கதையும் இல்லை. ரெயினில என்ர தோளில நித்திரை."

அடுத்ததை எடுத்தேன். மனதுக்குள் மட்டும் வாசித்தேன்.

"அக்கா கனடாவுக்கு வரச் சொல்லுறா. யோசிக்கிறன்."

அதிகாரி காத்திருந்தாள். மழையென்றோ வெயிலென்றோ ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம், அவளுக்குத் தமிழ் தெரியப்போவதில்லை. நான் மனைவியைப் பார்த்தேன். எது என் கையில் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

"உள்ளதைச் சொல்லுங்கோ" என்றாள்.

உள்ளதைச் சொன்னேன். அதிகாரி ஒன்றும் எழுதவில்லை. "அடுத்தது?" என்றாள்.

அடுத்ததில் அக்காவும் இல்லை, கனடாவும் இல்லை. "எங்கட ஆக்கள் வெண்டிட்டினம்" என்று மட்டும் இருந்தது. எங்கட ஆக்கள் யார் என்று கேட்டாள். சிட்னி அணியைத்தான் சொல்கிறாள் என்றேன். அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தாள். துண்டுகளைத் தானே சோடி குலையாமல் ரின்னுக்குள் அடுக்கி, மூடி, மனைவியின் கையில் கொடுத்தாள். முடிவு தபாலில் வரும் என்றாள்.

வீட்டுக்கு ரெயின் ஏறமுன் ஹரிஸ் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டுபோய் அவளுக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். "ஸ்ரேசனில கத்தினது பிழை" என்றேன். "ஓம், பிழைதான்" என்றாள், ஜிலேபியைப் பிய்த்துக்கொண்டே. இவ்வளவு நீளமான "ஓம்" அவளிடமிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அக்காவைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். அந்தக் கிழமைகளில் போன் அடித்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஐந்தாவது கிழமை கடிதம் வந்தது. நிரந்தரமாக இருக்கலாம் என்றிருந்தது. நான் இரண்டு தரம் சத்தமாக வாசித்தேன். பழக்கதோசத்தில் உறையைச் சுருட்டிக் குப்பைவாளிக்குள் போட்டுவிட்டேன். அவள் போய் எடுத்து, கையால் நீவி, முத்திரை இருந்த பக்கத்தை ஒரு துண்டாக வெட்டினாள். பென்சிலால் பின்பக்கத்தில் ஏதோ எழுதினாள். ரின்னுக்குள் போட்டாள்.

அவள் மா குழைக்கக் குசினிக்குள் போனதும் நான் ரின்னைத் திறந்து பார்த்தேன்.

"இருக்கச் சொல்லிப்போட்டினம். நான் எப்பவோ இருந்திட்டன்."

மூடியை அமத்தி மூடிவிட்டு, இடியப்ப உரலைக் கழுவிக் கொடுக்கப் போனேன்.