போத்தல் வரிசை

காலை ஏழு பத்து. ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரி வாசலில் முதலில் தெரிவது வெறும் மருந்துப் போத்தல்களின் வரிசை. நோயாளிகள் ஓரமாக வெயில் காய்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாகப் போத்தல்கள் நிற்கின்றன.

"தோட்டங்களின் வைத்திய சேவையை அரசாங்கமே ஏற்று நடத்துவதா என்று கொழும்பில் விவாதமாம்" என்று பத்திரிகையைக் காட்டுகிறேன்.

மூன்று நாளாகக் காய்ச்சலில் துவளும் மகளை மடியில் வைத்திருக்கும் மாரியாயி நிமிர்கிறார். "ஏத்துக்கட்டுங்க. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக தோட்டத்து தொரைகிட்ட அனுமதித் துண்டு கேக்க வேணாமில்ல?"

"அப்ப மந்திரிகிட்ட கேக்கணும் தாயி!" என்கிறார் பக்கத்தில் இருப்பவர். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

கதவு திறக்கிறது. டிஸ்பென்சர் எல்லாப் போத்தலிலும் ஒரே ரோஸ் மருந்தை ஊற்றுகிறார்.

"துண்டு, டாக்டரய்யா?" என்கிறார் மாரியாயி.

"தொரை நுவரெலியா போயிருக்காரு. நாளைக்கு வா."

எட்டு மணிக்கு டவுனுக்கான பஸ் கிளம்பிப் போகிறது. மாரியாயி மகளையும் போத்தலையும் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்கு மேடேறுகிறார்.