கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் பார்ப்பவர்

பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், டிரைவர் தன் கம்ப்யூட்டரின் விலாவில் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். "லேசா சுடுது" என்று முனகிக்கொண்டே ஃப்ரீசரைத் திறக்கிறார். அதில் இருப்பதெல்லாம் ஐஸ்தான். வீட்டில் யாரும் குடிக்கக் கேட்கக்கூடாது.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தே வண்டி ஓட்டிப் பழகியவர். "பஸ்ஸுக்கு ஒரு நியாயம், கம்ப்யூட்டருக்கு ஒரு நியாயமா?" என்று பழைய கார் ரேடியேட்டர் ஒன்றை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டார். அதிலிருந்து வரும் குழாய், மேசைமேல் திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் போகிறது. எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு வேகமாக அதை விரட்டலாம் என்பது அவர் கணக்கு. அந்த வேகத்தை வைத்து என்ன செய்கிறாராம்? "சீட்டு விளையாடறேன். தோக்கறதையாவது சீக்கிரமா தோக்கலாம்ல?"

முந்தைய கம்ப்யூட்டரை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் தூக்கி வைத்தவர் இவர். காய்கறிகள் வெளியே வாடின. உள்ளே ஈரம் கோத்து, சொட்டி, ஒரு பொறி தெறித்தது, அத்தோடு சரி. "குளிர்ல வேர்த்தே செத்துச்சு, பாவம். புத்திசாலி கையில மாட்டினா இப்படித்தான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார். மனைவி மட்டும் சிரிக்கமாட்டார். "முதல்ல உங்க தலையில ஐஸை வைங்க. சூடு அங்கதான் ஏறிக் கெடக்கு."

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல புழுக்கம். வாளியிலிருந்து ஐஸ் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளும் மோட்டார் மண்டையைப் போட்டுவிட்டது. மகளின் மீன் தொட்டியில் அதே மாதிரி சின்ன மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "இதோ, இப்பத் தந்துடறேன் கண்ணு" என்று அதைக் கழற்றி ஐஸ் வாளிக்குள் இறக்கினார்.

கம்ப்யூட்டர் பறந்தது. இத்தனை வருஷமாக எட்டாத வேகம். திரையில் வேகச் சோதனையைக் காட்டும் கோடு கடைசிவரை ஓடிவிட்டால் போதும், கூட்டாளிகளுக்கெல்லாம் படம் எடுத்து அனுப்பிவிடலாம்.

"அப்பா, மீனு மேல வந்து வாயை வாயைத் திறக்குதுப்பா."

"முடிஞ்சுடுச்சுடா, இன்னும் கொஞ்சம்தான்."

மகள் தொட்டி விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு மீனையே பார்த்தாள். அவர் திரும்பி மகளைப் பார்த்தார். கோட்டுக்கு இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. ஒருமுறை அதைப் பார்த்தார். பிறகு வாளிக்குள் கைவிட்டு மோட்டாரை எடுத்துவிட்டார்.

அவர் அதைத் தொட்டியில் பொருத்துவதற்குள் முதுகுக்குப் பின்னால் திரை இருண்டுபோனது. தண்ணீர் சுழலத் தொடங்கியது. மீன் வாயை மூடிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கியது. மகள் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

டிரைவர் தரையில் உட்கார்ந்தார். சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தபடியே, வாளியிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார்.